பொன்ச்செக் என்றொரு விருந்தாளி

போன கிழமை பிளாட் புஷ் மளிகைக் கடையில் ஒரு போத்தல் குல்கந்து விழுந்து உடைந்தது. உடைத்தது நானில்லை. ஒரு சின்னப்பிள்ளை தள்ளுவண்டியை வளைக்கத் தெரியாமல் வளைத்து, ஊறுகாய் அடுக்கில் மோதிவிட்டாள். தாய் எல்லோரிடமும் 'சொறி, சொறி' என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஓடிவந்து மஞ்சள் பலகையை நட்டுவைத்துவிட்டுத் துடைப்பம் தேடப் போனார். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ரோஜா இதழ்ப் பாகு கருஞ்சிவப்பாக மெல்லப் பரவியது. மற்றவர்கள் விலகிப் போனார்கள். நான் மட்டும் கையில் புளிப் பொட்டலத்தோடு மூக்கை விரித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கடைக்காரர் என்னைச் சுற்றித்தான் துடைக்க வேண்டியிருந்தது.

குல்கந்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த வாசனை வந்தால் எனக்கு ஒரு போலந்துக்காரியின் சமையலறையும், அடுப்பில் சூடேறும் எண்ணெயும், மேசைக்கடியில் படுத்திருக்கும் ஒரு நாய்க்குட்டியும் கண்முன்னே வந்துவிடும். இந்த மூன்றும் எப்படி ஒரே போத்தலுக்குள் புகுந்துகொண்டன என்று சொல்ல வேண்டுமானால் நாயிலிருந்து தொடங்க வேண்டும். நாயிலிருந்து தொடங்குவதென்றால் முதலில் என் ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கம். நாங்கள் நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட நான் மலேசியாவில் சில வருடங்கள் தங்கியபோது சந்தித்துக் கல்யாணம் செய்தவள் ரேவதி. கிள்ளான்காரி, கணக்காளர். அவளுடைய தகுதிக்குத்தான் இந்த நாடு விசா கொடுத்தது. அவளுடைய பயணப்பெட்டிகளோடு நானும் ஒரு பெட்டியாக வந்து இறங்கினேன். எங்கள் மகள் தாரணிக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் நான் 'ஓம்' என்பேன், ரேவதி 'ஆமா லா' என்பாள், தாரணி 'யா' என்பாள். மூன்றுக்கும் ஒரே பொருள்தான். ஆனாலும் எதையாவது முடிவு செய்ய எங்களுக்கு நேரமெடுக்கும்.

எனக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் வேலை. குளியலறைத் தொட்டிகளும் குழாய்களும் அடுக்கிவைக்கும் இடம். பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அந்தக் களஞ்சியத்தில் பேசப்பட்ட ஆங்கிலத்துக்கும் என் இலக்கணப் புத்தகத்துக்கும் தூரத்து உறவுகூட இல்லை. விளங்காத கேள்விக்கெல்லாம் 'யேஸ்' என்று சொல்லிச் சிரிப்பது என் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அதனால் பிழை வராது. சில நாள் கூடுதல் நேரம் வேலை செய்ய நேரும். ஒரு தடவை தெரியாத ஒருவரின் ரக்பி அணிக்குப் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டவீட்டா ஒரு சமோவாக்காரன். ஆள் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. ஒரு வெள்ளிக்கிழமை காலைத் தேநீர் நேரத்தில் என்னிடம் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டே போனான். கைகளால் சின்னதாக ஏதோ ஒன்றை உருட்டிக் காட்டினான். தின்கிற பணிஸ் பற்றி என்று நினைத்தேன். கடைசியில் "யூ கீன், ப்ரோ?" என்றான்.

"யேஸ், யேஸ்" என்றேன்.

அவன் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாலையில் கார் அருகே காத்திருந்தவன் ஒரு வாழைப்பழப் பெட்டியை என் கையில் தந்தான். உள்ளே பழைய துவாயின் மேல் ஒரு நாய்க்குட்டி என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

எனக்கு நாய் என்றால் பயம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டவன் நான். இந்த நாட்டில் நாய்க்குப் பைத்தியம் பிடிக்கும் நோயே இல்லை என்று எத்தனையோ பேர் சொல்லியும் தெருவில் நாய் வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அப்படிப்பட்டவன் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டுக் காரை எடுத்தேன். கொஞ்ச தூரம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரியே போனோம். பிறகு அது பெட்டியிலிருந்து வெளியே வந்து, கியர்த் தடியின் மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. அதை அசைக்கும் துணிவு எனக்கில்லை. ஹில்ஸ்பரோவில் இருந்த எங்கள் வாடகை வீடு வரைக்கும் மூன்றாம் கியரிலேயே ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் என்னை என்ன நினைத்தார்கள் என்பதை அவர்களுடைய ஹோர்ன் சத்தம் சொல்லியது.

வாசலில் ரேவதி நின்றாள்.

"என்னாங்க இது?"

"நாய்க்குட்டி."

"அது தெரியுது. யாரோடது?"

"எங்கட போல கிடக்கு."

அவள் வேறெதுவும் கேட்பதற்குள் தாரணி வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இன்னும் சிநேகிதி கிடைக்காத காலம் அவளுக்கு. மதிய இடைவேளையில் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வதாக ஆசிரியை சொல்லியிருந்தார். அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். குட்டி நடந்து போய், நெடுநாள் பழகிய இடம் மாதிரி, அவள் மடியில் ஏறிச் சுருண்டது. ரேவதி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பிரச்சினை என்னவென்றால், எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. அது எனக்கே விளங்கிய ஆங்கிலம். வேறு நல்ல இடம் பார்த்துக் குட்டியைக் கொடுத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவானது. ரேவதி ஒரு நிபந்தனை போட்டாள்.

"பேரு மட்டும் வைக்காதீங்க. பேரு வச்சிட்டா அப்புறம் கொடுக்க மனசு வராது லா."

அதனால் அது கொஞ்ச நாள் வெறும் குட்டியாகவே இருந்தது. உருண்டையான உடம்பு. நன்றாகப் பொரிந்த பலகாரத்தின் நிறம். இடுப்பைச் சுற்றி மட்டும் பட்டி கட்டியது போல வெளிறிய வளையம். என் செருப்பில் ஒன்றைத் தின்றது. மற்றதைத் தின்னாமல் பாதுகாத்தது. அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சோபாவில் உட்கார்ந்தால் என் பாதத்தின் மேல் வந்து படுக்கும். முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். பிறகு ஒருநாள் அது வந்து படுக்கவில்லை. 'எங்கே போய்விட்டது' என்று தேடிப் போனேன். நாய்ப் பயம் என்ற என் நோய் அங்கேதான் மாறியது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு பழைய மரவேலி. அந்தப் பக்கம் ஒரு போலந்துத் தம்பதி இருந்தார்கள், டொரோட்டாவும் மாரெக்கும். எங்கள் வயதுதான் இருக்கும். பிள்ளைகள் இல்லை. மாரெக் தச்சு வேலை செய்பவர். டொரோட்டா முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். அவர்களுடையது சொந்த வீடு, அதாவது வங்கியின் வீடு. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது கையசைப்போம். அதற்கு மேல் பழக்கம் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் டொரோட்டா. ஒரு கையிடுக்கில் எங்கள் குட்டி, மறு கையில் வெறும் தட்டு. குட்டியின் மூக்கெல்லாம் வெள்ளை மாச்சீனி. டொரோட்டாவின் ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன், இரண்டுமே கொஞ்சம் வளைந்துதான் இருக்கும்.

"இது உங்களுடையதா?"

"யேஸ்" என்றேன். இந்த முறை கேள்வி விளங்கித்தான் சொன்னேன்.

"வேலிக்குள்ளால் புகுந்து வந்து, ஆறவைத்த பொன்ச்கியில் ஒரு தட்டைத் தின்றுவிட்டது. அது பரவாயில்லை. ஆனால் உள்ளே இருந்த ஜாமை மட்டும் ஒவ்வொன்றாகத் துப்பி வைத்திருக்கிறது!"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மன்னிப்பு வேண்டாம். அது செய்தது சரி. அந்த ஜாம் மோசம். எனக்குத் தெரியும், மாரெக்குக்குத் தெரியும். ஆனால் மாரெக் பயந்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். இந்த நாய் ஒன்றுதான் உண்மை சொல்லியது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பு அந்த உடம்புக்குள் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எங்கள் மூவரையும் தன் வீட்டுக்கு வரச்சொல்லி மேசையில் உட்காரவைத்தார். அதனிடம் தப்பிக் கிடந்த பொன்ச்கியை எங்கள் முன்னால் வைத்தார். ஓட்டையில்லாத டோனட் என்று சொல்லலாம். ஆனால் டொரோட்டாவின் முன்னால் சொல்லக்கூடாது. நிறைய முட்டை மஞ்சட்கரு சேர்த்துப் பிசைந்த மாவைப் பொங்கவைத்து, உருட்டி, பொரித்து, நடுவில் பழப்பாகு நிரப்புவார்கள். கடித்தால் முதலில் காற்றைக் கடிப்பது போல இருக்கும்.

போலந்தில் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய வியாழக்கிழமையைக் கொழுத்த வியாழன் என்பார்களாம். அன்று நாடே இதைத்தான் தின்னுமாம். வெளியே பனி கொட்டும்போது உள்ளே எண்ணெய் காயும். அந்த நாளுக்குத்தான் டொரோட்டா ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊரில் உள்ளே வைப்பது ரோஜா இதழில் செய்த பாகு. ஊரிலிருந்து கொண்டுவந்த கடைசிப் போத்தல் போன வருடமே தீர்ந்துவிட்டது. இப்போது கடையில் வாங்கிய ஸ்ட்ராபெரி ஜாம்.

"ரோஜாப் பூவையா ஜாம் போடுவாங்க?" என்று ரேவதி என்னிடம் தமிழில் கேட்டாள். அடுத்த கணம் அவளே மேசையைத் தட்டினாள். "அது குல்கந்து லா!"

டொரோட்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரேவதி விளக்க முயன்றுகொண்டிருந்தாள். அதற்கிடையில் குட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்த டொரோட்டா அதன் இடுப்பைத் தாரணிக்குக் காட்டினார்.

"பார், நன்றாகப் பொங்கிய மாவு எண்ணெயில் பாதிதான் மூழ்கும். இரண்டு பக்கமும் சிவக்கும், நடுவில் இப்படி ஒரு வெள்ளை வளையம் நிற்கும். இது நாயில்லை. இது ஒரு பொன்ச்செக்."

பல என்றால் பொன்ச்கி, ஒன்று என்றால் பொன்ச்செக். ஒன்றோடு நிறுத்தியவர்கள் யாருமில்லாததால் அந்த ஒருமைச் சொல்லுக்குப் போலந்தில் அதிகம் வேலை இல்லை என்றார் டொரோட்டா. தாரணி அதற்கு உடனே வேலை கொடுத்தாள். "பொன்ச்செக்!" என்று கூப்பிட்டாள். குட்டி தலையைத் திருப்பியது.

ரேவதி கண்ணை மூடிக்கொண்டாள். "போச்சு. பேரு வச்சாச்சு."

அடுத்த நாளே ரேவதி சாண்ட்ரிங்ஹாமில் உள்ள இந்தியக் கடைக்குப் போய்க் குல்கந்து வாங்கிவந்தாள். டொரோட்டா மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவது கரண்டியும் போனது. மூடியை இறுக்கி, நாற்காலியில் ஏறி, மாரெக்கின் கைக்கு எட்டாத உயரத்துத் தட்டில் போத்தலை மறைத்து வைத்துவிட்டு இறங்கினார். ரேவதியைக் கட்டிப்பிடித்தார். கொஞ்சம் எலுமிச்சைச்சாறு விட்டால் சரியாகிவிடும் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன விமர்சனம்.

கொழுத்த வியாழன் வந்தது. ஓக்லாந்தின் பெப்ரவரிப் புழுக்கத்தை நீங்கள் அனுபவித்திருந்தால் அன்றைக்கு எண்ணெய்ச் சட்டி அருகே நின்றவர்களுக்காக இரக்கப்படுவீர்கள். போலந்தில் மாவு பொங்குவதற்குப் போர்வை போர்த்தி அடுப்பருகே வைத்துக் காத்திருப்பார்களாம். இங்கே ஒரு தொலைபேசி அழைப்பு முடிவதற்குள் மாவு பாத்திரத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது. பன்றிக் கொழுப்பில் பொரிப்பதுதான் முறை. ரேவதி தயங்கியதைக் கண்டதும் டொரோட்டா தவிட்டெண்ணெயை ஊற்றிவிட்டார். மாவு எண்ணெய் குடிக்காமலிருக்க அதில் ஒரு கரண்டி வோட்கா சேர்த்தார். "அது பொரியும்போது போயிடும்ல?" என்று ரேவதி கேட்டாள். "வோட்கா எப்போதும் போய்விடும்" என்று மாரெக் சொன்னார். நான் கேட்டவரையில் அவர் அன்றைக்குப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

எனக்குக் கொடுத்த வேலை, பெரிய ஊசிக்குழாயால் ஒவ்வொன்றுக்குள்ளும் குல்கந்தைச் செலுத்துவது. நாய்க்கடிக்கு ஊசி போட்டவன், நாயின் பேர் கொண்ட பலகாரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். இதை டொரோட்டாவிடம் விளக்க முயன்றேன். என் ஆங்கிலம் தொப்புளோடு நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் லீவு போட்டதற்குக் காரணம் பலகாரம் மட்டுமில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை வீட்டைச் சோதிக்க வரும் வீட்டுக்காரரின் முகவர்ப் பெண்மணி அன்று மாலை வருவதாக இருந்தது. கிளேர் என்று பேர். நாயின் கோப்பை, படுக்கை, கடித்த செருப்பு எல்லாவற்றையும் டொரோட்டா வீட்டில் ஒளித்தோம். நாயையும்தான். கிளேர் வந்து கூரை மூலையில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ரேவதியும் பின்னால் நின்றோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த தாரணி கதவோரம் நின்றாள். எல்லாம் நன்றாகத்தான் போனது.

அப்போது திறந்திருந்த பின்கதவால் பொன்ச்செக் ஓடிவந்தது. வாயில் ஒரு முழுப் பொன்ச்செக். முகமெல்லாம் சீனி. எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்து, யோசித்து, கிளேரின் சப்பாத்தின் முன்னால் அதை வைத்துவிட்டு உட்கார்ந்தது. இந்த முறை ஜாமைத் துப்பவில்லை, கவனியுங்கள். முழுசாகக் கொண்டுவந்திருந்தது.

"இது உங்கள் நாயா?" என்று கிளேர் கேட்டார்.

என் வாயிலிருந்து வந்தது வழக்கமான பதில்தான். "யேஸ்."

"இவர் எல்லாத்துக்கும் யேஸ்தான் சொல்லுவாரு" என்று ரேவதி ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். ஆனால் தாரணி அதற்குள் நாயைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துவிட்டாள். அதற்கு மேல் என்ன சொல்லியும் பயனில்லை.

கிளேர் கடுமையான ஆளில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். வீட்டுக்காரர் நாய்க்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டார். இரண்டு கிழமைக்குள் நாய் போக வேண்டும், இல்லையென்றால் நாங்கள் போக வேண்டும்.

வேறு வீடு தேடினோம். அந்தக் காலத்தில் ஒரு வீடு பார்க்கப் போனால் வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கும். நாய் இருக்கிறது என்று சொன்னால் வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பவரின் முகம் மலரும். கடைசியில் டவீட்டா, தன் மாமன் ஒருவருக்குப் புக்கக்கோகியில் தோட்டம் இருப்பதாகவும் அவர் குட்டியை எடுத்துக்கொள்வார் என்றும் சொன்னான். சனிக்கிழமை வந்து கொண்டுபோவதாக ஏற்பாடு.

தாரணி அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். அந்த வாழைப்பழப் பெட்டியில் துவாயை விரித்து, கோப்பையை வைத்து, நான் போட முடியாத அந்த ஒற்றைச் செருப்பையும் வைத்தாள். பிறகு ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள், "அது ஏதாவது தப்புப் பண்ணிச்சா, அப்பா?"

நான் அறைக்குள் போய்விட்டேன். ரேவதி பின்னாலேயே வந்தாள்.

போர்க்காலத்தில் ஊரை விட்டு இடம்பெயர்ந்த நாளில் எங்கள் தெரு நாய்கள் சனங்களின் பின்னால் நடந்து வந்தன. யாரும் அவற்றைக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது. எங்கே போகிறோம் என்று எங்களுக்கே தெரியாது. சந்தி வரைக்கும் வந்தவை அங்கேயே நின்றுவிட்டன. அதில் என்னைக் கடித்த நாயும் ஒன்று. இதை நான் ரேவதிக்கு எப்போதோ ஒரு தடவை சொல்லியிருந்தேன். பிள்ளைக்குச் சொன்னதில்லை.

"இன்னொருக்கா விட்டிட்டுப் போகேலாதப்பா" என்றேன்.

"தெரியும்ங்க" என்றாள் ரேவதி. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேர்கூட வைக்கக்கூடாது என்று முதலில் சொன்னவள் அவள்தான். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை டவீட்டாவின் வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருந்த எங்களுக்கு வாள் அறுக்கும் சத்தம்தான் கேட்டது. பின்கட்டுக்கு ஓடினோம். வேலியின் நடுவில் மாரெக் ஆளுயரத்துக்கு ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு கதவுப் பிணைச்சல்களும் ஒரு தாழ்ப்பாளும் தயாராக இருந்தன. அறுத்த இடைவெளியால் டொரோட்டா எங்கள் பக்கம் வந்தார். கையில் ஒரு கழுத்துப்பட்டி. அதில் நகரசபை கொடுக்கும் நாய்ப் பதிவுத் தகடு தொங்கியது.

"நேற்றுப் பதிந்தேன்," என்றார். "என் பேரில், என் முகவரியில். இப்போது இது என் நாய். என் வீட்டில் தூங்கும். ஆனால் பகலில் பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும். உங்கள் ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி கூடாது என்றுதானே இருக்கிறது? விருந்தாளி கூடாது என்று இருக்கிறதா?"

ரேவதி ஓடிப்போய் ஒப்பந்தத்தை எடுத்து நின்றபடியே வாசித்தாள். கணக்காளர் அல்லவா, கடைசிப் பக்கம் வரைக்கும் விடவில்லை. பிறகு கிளேரைத் தொலைபேசியில் அழைத்தாள். பக்கத்து வீட்டு நாய் வந்து போனால் என்ன செய்வது என்று கேட்டாள். ஒலிபெருக்கியில் கிளேரின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கே தூங்குகிறது?"

"பக்கத்து வீட்டில்."

"அப்படியென்றால் அது உங்கள் நாய் இல்லையே" என்றார் கிளேர். கொஞ்சம் நிறுத்தி, "அது எனக்குக் கொண்டுவந்தது என்ன? எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார்.

டவீட்டா வந்தபோது எல்லோரும் வேலியில் கதவு பொருத்தும் வேலையில் இருந்தோம். அவனுக்குக் கோபமில்லை. பிணைச்சலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று காலை பொரித்த பொன்ச்கியை அவன் தின்ற விதத்தைப் பார்த்து டொரோட்டாவின் முகம் பூரித்துவிட்டது.

அந்தக் கதவு பிறகு பூட்டப்படவே இல்லை. தாரணி பள்ளிக்கூடத்தால் வந்ததும் அந்தப் பக்கம் போவாள், அல்லது நாய் இந்தப் பக்கம் வரும். நாயைப் பார்க்க வகுப்பில் ஒரு பிள்ளை வந்தாள், பிறகு இன்னொருத்தி. டொரோட்டா ரேவதியிடம் ரசம் வைக்கப் பழகி, அதைச் சூப் கோப்பையில் குடித்தார். நாய்க்கு மூன்று மொழியில் 'இரு' என்றால் விளங்கும், மூன்றிலும் இருக்காது.

வருடங்கள் போயின. நாங்களும் கடன் எடுத்துப் பிளாட் புஷ்ஷில் ஒரு வீடு வாங்கினோம். யாரும் கேட்காத கேள்வி ஒன்று சமையலறையில் எங்களோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. நாய் யாருடையது?

குடிபோகும் நாளில் டொரோட்டாவே முடிவெடுத்துவிட்டார். பொன்ச்செக்கைக் குளிப்பாட்டி, ரோமம் சீவி, அதன் சாமான்களை ஒரு பையில் கட்டிக் கதவருகே கொண்டுவந்து வைத்தார். "உங்கள் வீட்டில் இனி யாரும் சோதனைக்கு வரமாட்டார்கள்" என்றார். சிரிக்க முயன்றார். அன்றைக்குத்தான் அவர் எங்களுக்கு ஒன்று சொன்னார். நாய் வேலி புகுந்து வந்த அந்த வருடம், இதுதான் இங்கே கடைசிக் கொழுத்த வியாழன், அடுத்த வருடம் ஊரில்தான் என்று அவர் மாரெக்கிடம் சொல்லியிருந்தாராம். இங்கே யாரும் தன்னைத் தேடி வருவதில்லை என்பதுதான் காரணமாம்.

தாரணிக்கு அப்போது பதின்மூன்று வயதிருக்கும். பையைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். அது எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தெருப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. மாரெக் வேலை முடிந்து வரும் நேரம்.

"தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கும்," என்றாள் தாரணி ஆங்கிலத்தில். "அவர் வராமல் அது சாப்பிடாது. அங்கே வந்தால் யாருக்காகக் காத்திருக்கும்?" பையைத் தூக்கி டொரோட்டாவின் கையில் கொடுத்தாள். "இது இங்கே இருக்கட்டும் ஆன்ட்டி. நாங்க வாறோம்." அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் தமிழில் சொன்னாள். டொரோட்டாவுக்கு அது விளங்கியது.

காரில் ஏறியதும் அழத் தொடங்கியவள் மோட்டார்வே முழுக்க அழுதாள். புதுவீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது மூக்கைத் துடைத்துவிட்டு, "சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போகலாம்?" என்று கேட்டாள். இரண்டாயிரத்துப் பத்துகள் முடியும்வரை அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் போனோம்.

பிறகு டொரோட்டாவும் மாரெக்கும் வீட்டை விற்றுவிட்டுத் தெற்குத் தீவில் நெல்சன் பக்கம் போனார்கள். பொன்ச்செக்கும் விமானத்தில் போனது. அங்கே வெயில் அதிகம், அதற்குப் பிடித்திருந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம், நல்ல கிழமாகி, மதிய வெயிலில் தூங்கியபடியே போய்விட்டது. வெலிங்டனில் படிக்கும் தாரணி கப்பலேறிப் போய் அவர்களோடு சில நாள் தங்கிவிட்டு வந்தாள். மாரெக் முன்னைவிட நிறையப் பேசுகிறாராம்.

குல்கந்து உடைந்த நாளில் கடையிலிருந்து புறப்பட்ட நான் நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஹில்ஸ்பரோவுக்குக் காரை விட்டேன். இரண்டு வீடுகளும் இல்லை. வேலியும் கதவும் இல்லை. டொரோட்டாவின் சமையலறை இருந்த இடத்தில் கார்கள் திரும்ப ஒரு கொங்கிரீட் தளம். அதைச் சுற்றி நெருக்கமாகச் சாம்பல் நிறத்தில் மாடிவீடுகள். முன்பு இரண்டு குடும்பம் இருந்த மண்ணில் இப்போது பத்துக்கு மேல் இருக்கும். எனக்கு ஏனோ கவலை வரவில்லை. ஒரு மாடியில் சேலை காய்ந்தது. இன்னொன்றில் யாரோ தக்காளி வளர்த்திருந்தார்கள். வாசல்களில் சின்னப்பிள்ளைகளின் மழைச் சப்பாத்துகள் கிடந்தன.

காரிலிருந்து இறங்கி நடந்தபோது ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது. சின்ன நாய், கோபம் மட்டும் பெரிது. நான் நின்றேன். அது சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.